ஓர் எண்ணும் ஒரு மௌனமும்



சொல்லையே உழவாகக் கொண்டோர் கூடியுள்ள இப்பத்தாம் ஆண்டு விழாவில், ஒரு சொல்லும் இன்றி நிகழ்ந்த ஓர் உரையை நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட எண் இது. ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொரு முழு எண்ணால் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். பிரெஞ்சுத் துறவியார் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இவ்வெண்ணும் பகா எண்ணாக இடம்பெற்றது. சான்று எதுவும் அவர் தந்தாரில்லை. எனினும் அக்கூற்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, இது பகா எண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், இதனை வகுக்கும் எண் ஒன்றையேனும் காணாமலே அவர் நிறுவினார். உடையும் என்பது உறுதியாயிற்று. உடையும் இடமோ மறைந்தே கிடந்தது.

தேடல் எளிதன்று. இவ்வெண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134-இன் மடங்கினும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். அந்நெறியால் வழிகள் குறையினும், எஞ்சியவை மிகப் பல.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பேச அழைக்கப்பெற்ற பிராங்க் நெல்சன் கோல் வாய் திறவாது கரும்பலகையை அடைந்தார். இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பலகையின் மறுபுறத்தில் 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவை கைதட்டிற்று, அவர் மௌனமாகவே அமர்ந்தார். இதனைப் பின்னர் எழுதிவைத்த கணித அறிஞர் ஈ. டி. பெல், எத்துணைக் காலம் ஆயிற்று என வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக் கோல் விடையிறுத்தாராம்.

இன்று கணிப்பொறி இதனைக் கண்ணிமைப்பொழுதில் பகுத்துவிடும். ஆயினும் அம்மௌனத்தின் பொருள் குறையவில்லை. தேடியவருக்கு ஆண்டுகள் ஆயின; சரிபார்ப்பவருக்கோ பெருக்கல் தெரிந்தால் போதும். அவர் கோலின் பெயரை நம்ப வேண்டுவதில்லை. மெர்சென்னின் புகழுக்கு அஞ்ச வேண்டுவதுமில்லை.

கவிதைக்கும் திறனாய்வுக்கும் இஃதே உரைகல். பெரும்பெயர் ஒன்று சொல்லிற்று என்பதற்காக ஒரு பாடலைக் குறையற்றது எனக் கொள்வது மெர்சென் பட்டியலை ஏற்பது போன்றது. குறையுண்டு என்று மட்டும் கூறுவது, உண்மையாயினும், பாதி வழியே. இன்ன அடியில், இன்ன சொல்லில் உடைகிறது என்று காட்டுபவரே கரும்பலகைமுன் நின்றவர். அவ்வாறே, முன்னுரையும் விளக்கமும் இன்றித் தன் வரிகளாலேயே படிப்பவரைத் தலையசைக்கச் செய்யும் பாடல், பாடியவர் செலவிட்ட ஞாயிறுகளைச் சொல்லாமலே சொல்லும்.