உபின் தீவில் ஒரு நாள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான நண்பர் பேசியதன் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியூர் போய் வந்தவர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அங்குள்ள உயரமான கட்டடங்களையும் கடைவீதிகளையும் பற்றி உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். அதனால் அதிகம் பேர் போகாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடைசியில் நம் சி பிளாக் பின்புறத்துக்கும் வருவேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்த இடத்தின் பெயர் புலாவ் உபின். மலாய் மொழியில் 'புலாவ்' என்றால் தீவு. சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கிறது. பரப்பளவு பத்து சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். சிங்கப்பூரைச் சேர்ந்ததுதான், பாஸ்போர்ட் தேவையில்லை. தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் ஏறினால் சாங்கி வில்லேஜில் இறங்கலாம். அங்கிருந்து படகு.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போனபோது ஆளுக்கு நான்கு வெள்ளி. அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை.

இறங்கியதும் ஒரு சின்னக் கடைத்தெரு. தகரக் கூரை வீடுகள், இளநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை, ஒரு நாடக மேடை. வரிசையாக வாடகை சைக்கிள் கடைகள். எனக்குப் பயம். வங்கிக்குச் சைக்கிளில் போன காலம் முடிந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. மருமகள், "மாமா, நீங்கள் நடந்தே போகலாமே" என்றாள். பேரன் மட்டும், "தாத்தா, சீட்டை இறக்கிக்கொண்டால் காலை ஊன்றிக்கொள்ளலாம்" என்றான். பதினொரு வயதுப் பையனின் யோசனையைக் கேட்டு ஏறிவிட்டேன். முதல் நூறு அடி ஆட்டம்தான். பிறகு கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

தீவில் சில பாதைகள் தார், சில வெறும் மண். இருபுறமும் காடு. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் கருங்கல் குவாரிகளும் இருந்த தீவு இது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலத்துக்கும், 1851இல் கட்டி முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் இங்கிருந்துதான் கல் போனது. கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிறைந்து ஏரியாக நிற்கிறது. 1970களில் சுமார் இரண்டாயிரம் பேர் இருந்த தீவில் இன்று சில பத்துப் பேர்தான். தலைநிலத்திலிருந்து மின்கம்பி வரவில்லை. பல காலம் டீசல் ஜெனரேட்டரை நம்பியே இருந்தார்கள். இப்போது ஒரு பகுதிக்குச் சூரிய மின்சாரமும் உண்டு.

நாங்கள் போனது கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா என்ற இடத்துக்கு. படகுத்துறையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். வழியில் ஓர் இறக்கத்தில் பிரேக்கை அவசரமாகப் பிடித்து விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். அதன்பிறகு மேடு பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: நம் வயதில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் இல்லை.

செக் ஜாவா வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட வேண்டும். உள்ளே நடைதான். கடலுக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கடலோரக் காடு, அலையாத்திக் காடு, மணல் திட்டு, கடற்புல், பாறைக் கரை, பவளத் துகள் திட்டு என ஆறு வகை வாழ்விடங்கள் ஒரே இடத்தில். 20 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றும் உண்டு. மேலே ஏறியபோது இருவாச்சிப் பறவை ஒன்று மரத்தில் வந்து உட்கார்ந்தது. பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த இடத்தை மண் கொட்டி மூடுவதாக இருந்தது. நிலம் பற்றாத நாடு. கடலை நிரப்புவது அவர்களுக்குப் புதிதல்ல. 2001இல் இந்தச் செய்தி பரவியதும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். தன்னார்வலர்கள் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து அரசுக்கு எழுதினார்கள். வேலை தொடங்கவிருந்த நேரத்தில், 2001 டிசம்பரில், அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. கவனியுங்கள், ரத்து செய்யவில்லை, தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளிவைத்த இடத்தில்தான் 2007இல் நடைபாதை திறந்தார்கள். என் பேரன் இன்று அங்கே பறவை பார்க்கிறான்.

நம் சி பிளாக் பின்புறம் பதினான்கு கார் நிறுத்த கான்கிரீட் போடலாம் என்று போன வருடம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இரண்டு வேப்ப மரம், ஒரு புங்க மரம், பழைய கிணறு. அவற்றுக்கு என் கணக்கில் ஒரு பைசா மதிப்பும் வைக்கவில்லை. காருக்கு இடம் இல்லாமல் தினமும் சண்டை நடப்பது உண்மை. இரவு பத்து மணிக்கு வேலையிலிருந்து வந்து தெருவில் வண்டியை விடும் பிள்ளைகளின் கஷ்டம் எனக்கும் தெரியும். அதை நான் லேசாகப் பேசவில்லை.

ஆனால் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன். பேரேட்டில் தப்பாக ஒரு பதிவு போட்டால் மறுநாள் ரிவர்ஸ் என்ட்ரி போட்டுச் சரிசெய்துவிடலாம். வெட்டிய மரத்துக்கும் மூடிய கிணற்றுக்கும் அது கிடையாது. கான்கிரீட்டை அடுத்த வருடமும் போடலாம். மரத்தை அடுத்த வருடம் திரும்ப நிற்க வைக்க முடியாது.

அதனால் அடுத்த மாதப் பொதுக்குழுவில் என் திட்டத்துக்கு நானே ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். ஒரு வருடம் தள்ளிவைப்போம். அதற்குள் மூன்று வேலை. முன்பக்கத்தில் கோடுகளை நெருக்கிப் போட்டு எத்தனை வண்டி கூடுதலாக நிற்கும் என்று பார்ப்பது. ஓடாமல் தூசி படிந்து நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்வது. மழைக்காலத்தில் அந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எழுதுவது. அளக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வருட முடிவில் கணக்கு கான்கிரீட் பக்கம் சாய்ந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

உபின் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வார நாளில், காலையிலேயே போங்கள். கடல் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் உயிரினங்கள் தெரியும். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, சில்லறை நோட்டு கட்டாயம். பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கும். வண்டியை எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். சைக்கிள் வராதவர்கள் நடக்கலாம். இன்னும் நிறையவே கண்ணில் படும்.

போகும் முன் ஒரு மாலை சி பிளாக் பின்புறமும் நடந்து பாருங்கள். வாக்களிக்கப் போவது நீங்கள்தான்.