திரையிலும் பலகையிலும் ஒரு சென்னைப் பிள்ளை

(சங்க ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



இன்றைய அரங்கிலே பேசுமாறு எமக்குத் தரப்பட்ட பொருள் "இளைஞரும் பொழுதுபோக்கும்" என்பது. மிகப் பரந்த பொருள். பரந்த பொருளைப் பற்றிப் பேச எழுவோர் எதனையுமே சொல்லாமல் அமர்ந்துவிடுவது வழக்கம். அக்குற்றத்துக்கு ஆளாகாதிருக்கும் பொருட்டு, ஒரேயொரு விளையாட்டையும் ஒரேயோர் ஆட்டக்காரரையும் மாத்திரம் எடுத்துக்கொள்ள உத்தேசித்துள்ளோம். விளையாட்டு சதுரங்கம், அதிலும் இணையவழிச் சதுரங்கம். ஆட்டக்காரர் சென்னையைச் சேர்ந்த ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா.

இதற்கு ஒரு காரணமுண்டு. சில மாதங்களுக்கு முன்னர், எமது சங்க வாசிகசாலையிலே தம்பியொருவர் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கக் கண்டு அருகிற் சென்று பார்த்தோம். சதுரங்கந்தான். ஆளுக்கு ஒரு நிமிடம் மட்டும் அளந்து கொடுத்து ஆடும் ஆட்டம். ஒன்று முடியுமுன்னே அடுத்தது தொடங்கிவிடுகிறது. "எத்தனை ஆட்டம் ஆடியிருப்பீர் தம்பி?" என்று வினவினோம். திரையைத் தட்டிக் காட்டினார்: நாலாயிரத்துக்கு மேல்! "ஒரு வருஷமாய் என்ரை புள்ளி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை ஐயா. அதே இடத்திலை நிக்குது. ஏனெண்டு விளங்கேல்லை" என்றார். பக்கத்திலே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றாமலே, "அந்தப் போனை எறிஞ்சுபோட்டுப் படிச்சால் எல்லாம் ஏறும்" என்றார். தம்பியின் கேள்விக்கு அன்று எம்மிடம் விடையிருக்கவில்லை. பெரியவரின் விடையோ எமக்குத் திருப்தி தரவில்லை. யாம் சதுரங்க விற்பன்னர் அல்லேம். பாடசாலை நாட்களில் ஆடிய ஆட்டத்தோடு நின்றவர்கள். ஆயினும் அன்றிலிருந்து இதுபற்றிச் சிறிது தேடிப் பார்த்தோம். அத்தேட்டத்தின் பயனையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

பிரக்ஞானந்தா 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆந் திகதி சென்னையிலே பிறந்தவர். தந்தையார் வங்கி ஊழியர், இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்டவர். போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் பொறுப்பு முழுவதையும் தாயார் நாகலட்சுமி அம்மையாரே ஏற்றுக்கொண்டார். மூத்த சகோதரி வைஷாலி தொலைக்காட்சியின் முன்னாலேயே பொழுதைக் கழிக்கிறாளேயென்று கவலைப்பட்டுப் பெற்றோர் அவரைச் சதுரங்கத்திற் சேர்த்தனர். தமக்கையைப் பார்த்துத் தம்பியும் பலகைக்கு வந்தார். திரையை விட்டுப் பிள்ளையை மீட்க எடுத்த முயற்சியே இவ்விருவரையும் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தது என்பதைப் பெரியோர்கள் கவனிக்குமாறு வேண்டுகிறோம். அந்தச் சதுரங்கம் பின்னர் திரைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது வேறு கதை.

வளர்ச்சி விரைவானது. 2013இல் எட்டு வயதுக்குட்பட்டோரின் உலகப் பட்டம். 2015இல் பத்து வயதுக்குட்பட்டோரின் உலகப் பட்டம். 2018 யூன் மாதத்தில், இத்தாலியிலே நடந்த ஒரு போட்டியில், 12 வயதும் 10 மாதமும் 13 நாளும் நிரம்பியிருந்தபோது கிராண்ட் மாஸ்ரர் தகுதி பெற்றார். அன்றுவரை உலகில் அவரிலும் இளையவராக அத்தகுதியை எய்தியவர் கர்யாக்கின் ஒருவரே. ஆசான் சென்னையிலே சதுரங்க குருகுலம் நடத்தும் ஆர். பி. ரமேஷ். காயைத் தொடாமலே மனத்துள் நகர்த்தி, "நான் இதை ஆடினால் அவர் எதை ஆடுவார், அதற்குமேல் என்ன" என்று கிளை கிளையாகக் கணக்கிட்டுப் பார்க்கும் பயிற்சியையே முதன்மையாக வற்புறுத்துபவர் அவர். அதுபற்றி 2022இல் ஒரு நூலும் வெளியிட்டார். இந்தப் பயிற்சியைத் தம்பிமார் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

2020இல் பெருந்தொற்று வந்தது. விமானங்கள் நின்றன, போட்டி மண்டபங்கள் பூட்டப்பட்டன, சதுரங்க உலகம் முழுவதும் இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு நடந்த முதலாவது இணையவழி ஒலிம்பியாட்டில் இந்திய அணியின் இளையோர் பலகையை நிஹால் சரீனும் பிரக்ஞானந்தாவும் பகிர்ந்து ஆடினர். ஆகஸ்ட் 30ஆந் திகதி ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. நடுவிலே இந்திய வீரர் இருவரின் இணைப்பு அறுந்து, கடிகாரம் ஓடித் தோல்வியாயிற்று. முறையீட்டின் பின் உலகச் சம்மேளனம் இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளராக அறிவித்தது. மரப்பலகையிலே காலாளை இழக்கலாம், குதிரையை இழக்கலாம். பலகையையே இழந்துபோவது இணையத்திலே மாத்திரம் நிகழக்கூடிய விந்தை.

ஆனால் அதே இணையம் ஒரு பெரும் உபகாரமுஞ் செய்தது. சென்னையிலிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை உலகின் முதற் பத்துப் பேருடன் ஆட வேண்டுமானால், முன்னாளில் அழைப்பு வர வேண்டும், விசா வேண்டும், விமானச் செலவுக்கு ஆள் வேண்டும். 2021 ஏப்பிரலில் "போல்கார் சலஞ்ச்" என்னும் இணையவழிப் போட்டியிலே பிரக்ஞானந்தா முதலிடம் பெற்றார். அதன் பயனாக, பெரியவர்கள் ஆடும் தொடர்போட்டியில் இடங் கிடைத்தது. வீட்டு மேசையிலே இருந்தபடியே அக்களரியினுள் நுழைந்துவிட்டார்.

இனி, 2022 பெப்ரவரியில் நடந்ததைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம். "எயார்திங்ஸ் மாஸ்ரர்ஸ்" என்னும் போட்டி. பதினாறு பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் நகர்த்தலுக்குப் பத்து வினாடியும் தரப்பட்ட விரைவுச் சதுரங்கம். எட்டாஞ் சுற்றில், அன்றைய உலக சம்பியன் நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களால் 39 நகர்த்தல்களில் வென்றார் பிரக்ஞானந்தா. அப்போது அவருக்கு வயது 16. சென்னையிலே நள்ளிரவு கடந்துவிட்டிருந்தது. மறுநாட் பத்திரிகைகள் இந்த ஒரு வெற்றியைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதே. எனினும் பத்திரிகைகள் ஓரத்திலே சிறிய எழுத்தில் அச்சிட்ட செய்தியையும் யாம் தேடி வாசித்தோம். அவ்வெற்றிக்கு முந்திய ஏழு சுற்றுக்களில் அவர் வென்றது ஒன்று, சமன் செய்தது இரண்டு, தோற்றது நான்கு! போட்டி முடிவில் பதினோராம் இடம். முதல் எட்டுப் பேருக்குரிய அடுத்த கட்டத்துள் நுழையவில்லை. உலக சம்பியனை வெல்லக்கூடிய திறமை இருந்தது. நான்கு நாளும் அதே தரத்தில் ஆடும் பக்குவம் இன்னும் வந்திருக்கவில்லை.

(எமது நாட்டு இளைஞர் பலர் அவ்வாண்டு இப்போட்டிகளைப் பின்தொடரவில்லையென்றால் அவர்களைக் குறை கூறோம். மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றி இருந்தவர்கள் நாம்.)

மூன்று மாதங் கழித்து, 2022 மே மாதத்தில், இன்னொரு இணையவழிப் போட்டி. மீண்டும் கார்ல்சனை வென்றார். ஆனால் இம்முறை சமநிலையாக முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தில், நாற்பதாவது நகர்த்தலில், கார்ல்சனே குதிரையைத் தவறான இடத்தில் வைத்துப் பறிகொடுத்தார். இப்படி வெல்ல எனக்கு விருப்பமில்லை என்ற கருத்துப்பட அப்பிள்ளை கூறியதாக அறிகிறோம். தம்பிமாரே, எதிராளி தவறவிட்ட ஆட்டத்தைத் தன் திறமையின் கணக்கிலே எழுதாதிருப்பது எளிதான காரியமன்று. எமது பரீட்சைப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் அது புரியும். அப்போட்டியிலே வெய் யீயையும் அனிஷ் கிரியையும் வென்று இறுதிக்கு வந்து, சீனத்து டிங் லிரெனிடம் மின்னல்வேக ஆட்டத்திலே தோற்றார். அரையிறுதி முடிந்தபோது சென்னையிலே நேரம் அதிகாலை இரண்டு மணியளவு. காலை எட்டே முக்காலுக்குப் பாடசாலையிலிருக்க வேண்டுமென்றார். பதினோராம் வகுப்புப் பரீட்சை! வாசிகசாலைப் பெரியவருக்கு இச்செய்தியைச் சொன்னோம். பத்திரிகையைச் சிறிது தாழ்த்தி, "தாய் விட்டதோ?" என்று மட்டுங் கேட்டார்.

இவர் ஆட்டத்தின் பாணி யாது? முதல் இருபது நகர்த்தலில் எதிராளியைப் பொடியாக்கும் பாணியன்று. மெல்ல நெருக்குவார், காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்திலே சிறு அனுகூலத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடாதிருப்பார், நிலை பாதகமானாலும் முகத்திலே கலக்கங் காட்டமாட்டார். மனத்துள்ளே கணக்கிடும் அந்தப் பழைய பயிற்சி இங்கேதான் கைகொடுக்கிறது. நிமிடங்கள் குறைந்த இணைய ஆட்டத்திலே புதிதாகச் சிந்திக்க நேரமில்லை. ஏற்கெனவே ஆறுதலாகச் சிந்தித்துப் பழகியவற்றையே கை விரைவாக எடுத்து ஆடுகிறது. 2023இல் பாகூ நகரிலே மரப்பலகையில் நடந்த உலகக் கிண்ணத்தில் இதன் பலனைக் கண்டோம். நக்கமுரா, அர்ஜுன் எரிகைசி, கருவானா ஆகிய மூவரையும் சமநிலை முறிக்கும் விரைவு ஆட்டங்களிலேயே வென்றார். இறுதியிலும் கார்ல்சனுடன் இரண்டு நீண்ட ஆட்டங்களைச் சமன் செய்தார். பின்னர் முதல் விரைவு ஆட்டத்திலே கடிகாரம் அவரை நெருக்கிற்று, தோற்றார். தொடக்கத்திலும் நடுவிலும் நேரத்தைத் தாராளமாகச் செலவிட்டுவிட்டு முடிவிலே வினாடிகளை எண்ணும் குறை அன்று வெளிப்படையாகத் தெரிந்தது.

அடுத்த குறையை யாம் 2024இலே காண்கிறோம். அவ்வாண்டு ரொரன்ரோவில், உலக சம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தெரிவு செய்யும் போட்டியில் 14 ஆட்டங்களுக்கு 7 புள்ளி பெற்று ஐந்தாம் இடத்தில் நின்றார். மே மாதத்திலே நோர்வேயில் கார்ல்சனை முதன்முறையாக நீண்ட ஆட்டத்தில் வென்றது உண்மை. ஆயினும் செப்ரெம்பரில், புடாபெஸ்ற் ஒலிம்பியாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது, முதற் பலகையில் குகேஷும் மூன்றாம் பலகையில் அர்ஜுனும் தனிநபர் தங்கம் பெற, நடுவிலே இரண்டாம் பலகையிலிருந்த இவருக்கு அது கிட்டவில்லை. தோற்காமலிருப்பதில் வைத்த கவனம் வெல்லுந் துணிவைக் குறைத்துவிட்டதென்பது எமது தீர்ப்பு. விற்பன்னர்கள் மறுக்கலாம். அவரது தரப்புள்ளி 2025 தொடக்கத்தில் 2741ஆக இருந்தது.

அவ்வாண்டு மாற்றந் தெரிந்தது. அபாயத்துக்கு அஞ்சாமல், முடிவு காண வேண்டுமென்று ஆடத் தொடங்கினார். பெப்ரவரி 2ஆந் திகதி, நெதர்லாந்திலே வைக் ஆன் சே என்னும் ஊரில், கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இவரும் உலக சம்பியன் குகேஷும் சம புள்ளி. குகேஷ் தம் ஆட்டத்திலே தோற்றார். பிரக்ஞானந்தாவுக்கு ஒரு சமநிலை போதும். பல மணி நேரம் போராடி, அவரும் கெய்மரிடம் தோற்றுப்போனார்! களைத்த இருவரும் அன்றே மின்னல்வேக ஆட்டங்களுக்கு அமர்ந்தனர். முதலாவதிலே குகேஷ் வென்றார். இரண்டாவதிலே பிரக்ஞானந்தா. மூன்றாவதிலும் அவரே. கிண்ணம் அவரிடம் வந்தது. தொடர்ந்து மே மாதத்தில் புக்காறெஸ்ற்றிலும் யூனில் தாஷ்கெந்திலும் முதலிடம். யூலைப் பட்டியலில் அவரது தரப்புள்ளி 2779. இவை மூன்றும் மரப்பலகையிலே பெற்ற வெற்றிகள் என்பதையும், மூன்றிலும் இறுதி முடிவு விரைவு ஆட்டங்களாலேயே வந்ததென்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

எல்லாக் குறையும் தீர்ந்ததென்று கூறமாட்டோம். அவ்வாண்டு நவம்பரில் கோவாவிலே நடந்த உலகக் கிண்ணத்தில், நான்காஞ் சுற்றிலே, ரஷ்ய வீரர் டூபோவிடம் விரைவு ஆட்டத்தில் தோற்று வெளியேறினார். பாகூவிலே தூக்கிவிட்ட அதே விரைவு ஆட்டம் கோவாவிலே இறக்கிவிட்டது. ஆண்டு முழுவதுக்குமான தொகுப்பிலே முதல்வராக வந்து, சவாலாளர் போட்டிக்கு மீண்டும் தகுதி பெற்றமை வேறு.

இப்போது எமது தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் ஆடிய நாலாயிரம் ஆட்டத்துள் ஒன்றையாவது முடிந்தபின் திரும்பிப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் தோற்ற ஓர் ஆட்டத்தைத் தாளிலே எழுதி, வாசிகசாலை மேசையிலே மரப்பலகையை விரித்துக் காய்களை அடுக்கினோம். பதினேழாவது நகர்த்தலிலே ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறார். கடிகாரத்திலே அப்போது நாற்பது வினாடி மீதி. அந்த நகர்த்தலுக்கு அவர் எடுத்ததோ ஒரு வினாடி. "ஏன் தம்பி, நேரம் இருந்ததே?" என்றோம். நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தாமாகவே குதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "இதிலை யோசிக்கவேணுமெண்டே எனக்குத் தோன்றேல்லை ஐயா" என்றார். வாசிகசாலைப் பெரியவர் நாற்காலியை மெல்ல எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று இருபத்திரண்டாவது நகர்த்தல் வரையிலேதான் போக முடிந்தது. வாசிகசாலை பூட்டும் நேரமாயிற்று. மீதியை வருகிற வெள்ளிக்கிழமை பார்க்க இருக்கிறோம். பலகை ஜன்னலோர மேசையிலே அப்படியே இருக்கிறது. கூட்டம் முடிந்து அவ்வழியாகப் போகும் அன்பர்கள் காய்களைத் தொடாதிருக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.