மருந்தும் அளவும்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, குடியேறிய ஊரின் ஓசைகள் நாளடைவில் பிறந்த ஊரின் ஓசைகளைப்போலவே பழகிவிடுகின்றன. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பதினைந்து ஆண்டுகளாக மைசூரில் வாழும் எனக்கு அத்தகைய ஓசை ஒன்று உண்டு. அது தசராப் பீரங்கிகளின் முழக்கம். விழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே ஒத்திகை தொடங்கிவிடும். யானைகளும் குதிரைகளும் ஓசைக்கு மிரளாமல் பழகவேண்டும் என்று, அவற்றை நிறுத்தி வைத்துக்கொண்டு நகர ஆயுதப்படைக் காவலர்கள் பீரங்கிகளை வெடிப்பார்கள்.

ஒருமுறை ஒத்திகையைக் காண என் மகனை அழைத்துச் சென்றேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. "குண்டு எங்கே போய் விழும், அப்பா?" என்று கேட்டான். "குண்டு கிடையாது, உள்ளே மருந்து மட்டுந்தான்" என்றேன். "மருந்தா? அது காய்ச்சலுக்குக் கொடுப்பதல்லவா?" என்றான்.

சொற்களோடு நாள் முழுதும் மல்லாடுகிறவனை அந்த வினா எளிதில் விட்டுவிடுமா? நோய் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். வெடிப்பதையும் மருந்து என்கிறோம். கன்னடத்தாரின் 'மத்து', தெலுங்கரின் 'மந்து' ஆகிய சொற்களுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. இப்பெயர் வந்த காரணம் எதுவாயினும், இரண்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்று இருக்கிறது. இரண்டும் அளவுக்குக் கட்டுப்பட்டவை.

கருமருந்து மூன்று பொருள்களின் கூட்டு. நூறு பங்கில் வெடியுப்பு ஏறக்குறைய 75, கரி 15, கந்தகம் 10. அடைபட்ட குழலுக்குள் காற்று ஏது? அங்கே எரிவதற்கு வேண்டிய உயிர்வளியை வெடியுப்பே தருகிறது. எரிந்தபின் எல்லாம் வாயுவாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சி, ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறுகிறது. மறுபகுதி குழலின் உட்சுவரில் கசடாகப் படிகிறது. அக்கசடில் கனல் ஒளிந்திருக்கவும் கூடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விஜயதசமிப் பிற்பகலை நோக்குங்கள். பொன் அம்பாரியில் வீற்றிருக்கும் சாமுண்டேசுவரி அம்மன் திருவுருவத்துக்கு மலர் தூவப்படுகிறது. காவல்துறை வாத்தியக் குழு நாட்டுப்பண் இசைக்கிறது. அந்த 52 விநாடிகளுக்குள் ஏழு பீரங்கிகள், ஒவ்வொன்றும் மூன்று முறையாக, 21 முறை முழங்கி முடிக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டரை விநாடிக்கு ஒரு வெடி. ஒரு பீரங்கிக்கு அதன் அடுத்த முறை வருவதற்குள் கிடைப்பது பதினேழு விநாடியே. அதற்குள் நனைத்த துடைப்புக்கோலை உள்ளே செலுத்திக் கனலை அவிக்க வேண்டும், அளந்து துணிப்பையில் கட்டிய மருந்தை இட வேண்டும், கோலால் அடிவரை தள்ள வேண்டும், தீயிட வேண்டும். துடைப்பதில் சோம்பினால் அடுத்த பை உள்ளே போகும்போதே பற்றிக்கொள்ளும்; கோல் பிடித்தவனின் கை அதன் எதிரே இருக்கும்.

முழக்கத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமானால், குறி தவறாமல் சுடுவதற்கு எவ்வளவு வேண்டும்! மைசூரை அடுத்த குடகில் கைல்பொல்து விழாவின்போது தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகின் வேறு பல நாடுகளில், வாய்வழியே மருந்திடும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் கருமருந்து மட்டுமே பயன்படும்.

மருந்தை மிகுதியாக இட்டால் குண்டு நேராகப் போகும் என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. தேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. துப்பாக்கி செய்தவர் விதித்த வரம்புக்குள், குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஒரே அளவில் ஐந்து குண்டுகளைச் சுட்டு, இலக்கில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று பார்ப்பார்கள். பிறகு சிறிது கூட்டி மீண்டும் ஐந்து. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். அளவை மாற்றினால் மருந்தின் மணியை மாற்றலாகாது. ஏனெனில் நுண்மணி விரைந்து எரியும். பருமணி மெல்ல எரியும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருத்தல் ஆகாது. இருந்தால் குழலே பிளந்துவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் இறுக்க வேண்டும். கசடைத் துடைக்க வேண்டும். துளைகள் ஒன்றையொன்று தொட்டு விழும் அளவே அத்துப்பாக்கிக்கு உரிய அளவு. அது பெரும்பாலும் அது தாங்கக்கூடிய பேரளவினும் குறைவாகவே இருக்கும்.

1860 ஜூலை 2-ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் ஒரு போட்டியைத் தொடங்கிவைத்தார். விட்வொர்த் என்னும் பொறியாளரின் துப்பாக்கி ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தது. அரசியார் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது. அந்தக் கயிற்றை யார் இழுத்திருந்தாலும் அது அங்கேதான் பாய்ந்திருக்கும். குறி, அளந்து இட்டவனின் உழைப்பில் முன்னமே முடிந்துவிட்டது.

மைசூர் நாட்டார் கருமருந்தை நன்கு அறிந்தவர்கள். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் தம் வாணங்களுக்கு இரும்புக் குழல் அமைத்தனர். இரும்பு தாங்குமாதலால் மருந்தை இறுகத் திணிக்க முடிந்தது. வாணம் நெடுந்தொலைவு சென்றது. 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை தோற்றதற்கு, அவனுடைய மருந்து வண்டிகள் வெடித்ததும் ஒரு காரணம். அப்போர்க்காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் ஒரு பாழ்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணக் குழல்கள் எடுக்கப்பட்டன. ஆயினும் தனி வாணம் ஒன்று எங்கே விழும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆதலால்தான் அவற்றைக் கூட்டமாக ஏவினர். ஆற்றல் வேறு, குறி வேறு என்பதற்கு இதுவும் சான்று.

என் தாய்மாமன் சிவகாசிப் பக்கத்தவர். இளமையில் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். ஓர் அறையில் இருக்கத்தக்க அளவினும் கூடுதலாக மருந்து குவித்திருந்த நாளொன்றில், அவர் வலக்கையின் இரு விரல்களை இழந்தார். உடன் இருந்த நண்பர் உயிரையே இழந்தார். அதன்பின் தீபாவளி நாளில்கூட அவர் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. நடந்ததை எவரிடமும் சொன்னதுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தசராவுக்கு எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். முழக்கம் தொடங்கியதும் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மாடித் திண்ணையிலேயே அமர்ந்து, எஞ்சிய விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தொன்றும் முடிந்தது. "மாப்பிள்ளை, ஒன்றுகூட முந்தவில்லை, பிந்தவில்லை. அளந்து கொடுத்தவன் நல்லவன்" என்றார்.

"அளக்காவிட்டால் என்ன ஆகும், தாத்தா?" என்று என் மகன் கேட்டான். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தம் வலக்கையை அவன் கையில் கொடுத்தார். அன்றுதான் அந்த நாளின் கதையை முதன்முதலாக முழுதும் சொன்னார். அந்த நண்பரின் பெயரையும் சொன்னார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதை அறிய அவர் கொடுத்த விலை பெரிது. வரும் தீபாவளியில் உங்கள் பிள்ளைகள் கையில் மத்தாப்பு மின்னும்போது, அதை அளந்து இட்ட கைகளையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.