குறை நிரலிலா, ஆளிலா?

(திருவந்திபுரத்தில், மென்பொருள் வேலைக்குப் போகவிருக்கும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே ‘கோட் ரிவ்யூ’வைச் சந்திப்பீர்கள். நீங்கள் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, “இது தேவையில்லை”, “இதற்கு டெஸ்ட் எங்கே?” என்று பக்கத்திலேயே எழுதுவார். முதல் தடவை வயிற்றைக் கலக்கும். ஆனால் பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல. அங்கே குறை எழுத்தில் இருக்கிறது, குழுவே பார்க்கிறது, நீங்களும் பதில் எழுதலாம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகள் சக நிரலாளர்களை மடல்களில் வசைபாடியவர். 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். திட்டியதெல்லாம் பொதுவில் பதிவாகியிருந்தது, மறுக்க வழியில்லை.

சாதி பொது மடலில் வராது, காதோடு பேசும். சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசுத் துறை 2020 ஜூனில் தொடுத்த வழக்கைப் பாருங்கள். தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.க்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று இந்திய மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், தட்டிக்கேட்டதும் பொறுப்புகள் குறைக்கப்பட்டன என்பது புகார். நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான குற்றச்சாட்டை அரசே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. என்னை உறுத்துவது வேறொன்று. அவர் மனிதவளத் துறையிடம் போனபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதமில்லை என்று பதில் வந்ததாம். அதுவும் புகாரில் இருக்கிறது.

இங்கே எப்படி வரும்? “எந்த ஊரு?” “திருவந்திபுரம்.” “அட, தேவநாத சுவாமி கோயில்! கோயில் பக்கமா வீடு?” “இல்ல சார், கொஞ்சம் தள்ளி.” “எந்தப் பக்கம்?” மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும், அவர் வழி கேட்கவில்லை என்று. ஆறு மாதம் கழித்து அப்ரைசலில் ஒரு வரி: ‘டீமோடு ஒட்டவில்லை.’ நிரலில் பிழை என்றால் திருத்தலாம். இதை எந்த வரியில் போய்த் திருத்துவது? சொல்லப்படும் குறை எல்லாமே சாதி அல்ல, உண்மையான குறையும் இருக்கும். பிரித்துப் பார்க்கத்தான் சான்று கேட்கிறோம்.

பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். சாதிக்கு அப்படியொரு குழுவைத் தனியார் நிறுவனங்களில் எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது. அதையே ஓ.எம்.ஆரில் கேட்க நமக்கென்ன தயக்கம்?

அதுவரை ஒன்று செய்யுங்கள். மேலாளர் தனியறையில் குறை சொன்னால் அன்று மாலையே மெயில் போடுங்கள்: “இன்று நீங்கள் சொன்னவை இவை. எந்த வேலையை வைத்துச் சொன்னீர்கள் என்று தெரிவித்தால் திருத்திக்கொள்வேன்.” மரியாதையான மெயில்தான். பதில் வந்ததா, வரவில்லையா என்று தேதியோடு சொந்த நோட்டில் குறித்து வையுங்கள்.