வினாவைப் படிக்கும் கலை



2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டன என வழக்கு எழுந்தது. கொட்டாம்பட்டியார் மதுரைக்குச் செல்லும் மேலூர்ச் சாலையிலேயே உள்ள உயர்நீதிமன்றக் கிளை, தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. ஐயம் நேரின் உடன் அச்சிட்ட ஆங்கில வடிவமே முடிவானது என்பது தேர்வு விதி. (ஆங்கிலம் எளிதாயின் தமிழை ஏன் நாடுவர்?) ஆயினும் விதி விதியே, தமிழில் எழுதும் பிள்ளை ஆங்கிலக் கலைச்சொற்களையும் அறிந்திருத்தல் நன்று.

பிழையற்ற வினாவிலும் இடறுவோர் உளர். ‘தவறான கூற்று எது?’ என்பதைச் ‘சரியானது எது?’ என விரைந்து படிப்பர். கூற்று–காரண வினாவிலோ இடறல் மிகுதி. ‘மனித இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு’ என்பது கூற்று. ‘தமனிகள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்கின்றன’ என்பது காரணம். இரண்டும் உண்மை, எனினும் பின்னது முன்னதை விளக்கவில்லை. இடையில் ‘ஏனெனில்’ எனும் சொல்லை இட்டுப் படித்தால் பொருந்தாமை உடனே புலப்படும்.

மாலைதோறும் பாடநூலின் ஒரு பத்தியைப் பிள்ளை வாய்விட்டுப் படித்து, நூலை மூடித் தன் சொற்களில் கூறட்டும். பெற்றோர் கேட்டால் போதும். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறினால் அந்நான்கும் போய், மேலும் ஒன்று கழியும்.