தாரை வார்த்தல்



“சொத்தையெல்லாம் தாரை வார்த்துவிட்டான்” என்று திரிங்காப்பிலும் நாம் பேசுகிறோம். ஏமாந்து பறிகொடுத்தான் என்பது இன்றைய பொருள். ஆனால் இத்தொடர் பிறந்த இடம் புனிதமானது.

தாரை என்பது இடைவிடாது ஒழுகும் நீர். தானம் கொடுப்பவர் பெறுபவரின் கையில் நீர் வார்த்துக் கொடுப்பது நம் மரபு. நீர் வார்த்துக் கொடுத்த தானங்களைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். கன்னிகாதானத்தில் இன்றும் காண்கிறோம். வார்த்த நீரைத் திரும்ப அள்ள முடியுமா? கொடுத்த பொருளும் அப்படித்தான். அதில் நமக்கு உரிமை இல்லை.

“சூரிய சந்திரர் உள்ளவரை” என்ற சொல்வழக்கும் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவல்’ என வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். கொடுத்தவர் மறைந்தாலும் விளக்கு அணையக் கூடாது என்பதே நோக்கம்.

குழல்விளக்கு ஒன்றை உபயம் செய்து, வெளிச்சமே மறையும்படி அதில் பெயர் எழுதுகிறோம். அப்படியானால் நீர் இன்னும் நம் கையிலேயே இருக்கிறது!

தோட்டங்களில் கூடை சுமந்த நம் முன்னோர், கூலியில் மிச்சம் பிடித்துக் கோயில்கள் எழுப்பினார்கள். பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உண்மையில் தாரை வார்த்தவர்கள் அவர்களே. பிள்ளைகளுக்கு இப்பொருளையும் சொல்லிக் கொடுங்கள். நாமும் அவ்வாறே கொடுப்போம்.