இடுப்பெலும்பும் இருட்டு நடையும்

குளிர்காலக் காலையில் நோர்வேயின் ஸ்தவாங்கர் நகர நடைபாதையில் ஈரம் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். சப்பாத்தின் அடியில் இரும்பு முள்பட்டை மாட்டிக்கொண்டு முதியவர்கள் கடைக்குப் போவார்கள்.

உலகிலேயே இடுப்பெலும்பு முறிவு மிக அதிகமுள்ள நாடுகளில் நோர்வேயும் ஒன்று; ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 முறிவுகள். 2005 முதல் இதற்கெனத் தேசியப் பதிவேடே இருக்கிறது. முறிவு கண்டவர்களில் சுமார் கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது.

பனியை மட்டும் பழிப்பதற்கில்லை. பலர் விழுவது வீட்டுக்குள்ளேதான்: இருட்டில் கழிவறைக்கு எழும்போது, விரிப்பின் மடிந்த ஓரத்தில் கால் தடுக்கி.

எலும்பின் வலுவையும் கவனிக்க வேண்டும். நோர்வேயில் வாழும் இலங்கையர்களுக்கு, தாய்நாட்டில் வாழ்வோரைவிட வைட்டமின் டி குறைவு என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அது குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். அம்மா அப்பாவின் இரத்தத்தில் அது எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்றிரவே கழிவறை வழியில் ஒரு சிறு விளக்குப் போட்டுவையுங்கள்.